வழியில் நிற்பவனின் உரிமை

அரபு மொழியில் வழிக்குத் 'தரீக்' என்று பெயர். தட்டுதல், அடித்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. நடப்பவர்களின் காலடிகள் தட்டித் தட்டி உண்டாக்கிய இடம் என்று அகராதி ஆசிரியர்கள் விளக்கம் தருவார்கள். ஆகவே வழி நடப்பவனுக்கு உரியது என்பதில் ஐயமில்லை. அதில் நிற்பவனுக்கு என்ன உரிமை என்பதே கேள்வி. பழைய சட்ட நூல்கள் இக்கேள்வியை நுட்பமாக ஆராய்ந்திருக்கின்றன. இன்றைய நகரங்களோ இந்த ஒரு கேள்விக்கு விடை காண இயலாமல் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கின்றன.

ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற நூலாகிய 'ஹிதாயா'வில் ஒரு சட்டம் வருகிறது. ஒருவன் பொதுவழியில் விலங்கின்மீது ஏறிச் செல்கிறான். அது பின்காலால் உதைத்து ஒருவருக்குக் காயம் உண்டாகிறது. ஏறிச் சென்றவன் ஈட்டுத்தொகை தர வேண்டியதில்லை. நடந்துகொண்டிருக்கும் விலங்கின் பின்காலைக் கட்டுப்படுத்த எவனாலும் இயலாது. ஆனால் அதே விலங்கை வழியில் நிறுத்தி வைத்திருந்தபோது அது உதைத்தால் அவன் பொறுப்பாளியாகிறான். உதைப்பதைத் தடுக்க அவனால் இயலாமற் போகலாம். நிறுத்தாமல் இருக்க இயலுமன்றோ? விலங்கு சாணமிடுவதற்காக நிறுத்தியிருந்தால் மட்டும் விலக்கு உண்டு. சில விலங்குகள் நின்றால்தான் கழிக்கும் என்று அந்நூல் காரணமும் கூறுகிறது. பாடம் நடத்தும்போது மாணவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகு, நடப்பதற்கும் நிற்பதற்கும் இடையே சட்டம் கண்ட வேறுபாடு எவ்வளவு ஆழமானது என்பது அவர்களுக்கு விளங்கும். நடப்பது எல்லோருக்கும் உள்ள உரிமை. நிற்பது பிறரின் உரிமைக்குள் நாம் எடுத்துக்கொள்ளும் சலுகை. அதன் விளைவுகளுக்கு நாமே விலை கொடுக்க வேண்டும்.

எனினும் நிற்பவனை அடியோடு விரட்டுவதும் நம் மரபன்று. வழிகளில் அமர்வதைத் தவிர்க்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கூறிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. தோழர்கள் உடனே முறையிட்டார்கள்: அமர்ந்து பேசிக்கொள்வதற்குத் தங்களுக்கு வேறு இடமில்லை என்றார்கள். அந்த முறையீடு தள்ளப்படவில்லை. அமரத்தான் வேண்டுமென்றால் வழிக்குரிய கடனைச் செலுத்திவிடுங்கள் என்று நாயகம் அவர்கள் பணித்து, பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் தொல்லை தராதிருப்பது, ஸலாமுக்கு மறுமொழி கூறுவது என்று அக்கடன்களை எடுத்துரைத்தார்கள். இந்த உரையாடலில் நான் பெரிதாகக் கருதுவது தடையையும் அன்று, அனுமதியையும் அன்று. வேறு இடமில்லை என்ற ஒரு சொல்லுக்குக் கிடைத்த மதிப்பையே. வழியில் நிற்பவன் ஒவ்வொருவனிடமும் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம் என்று இதிலிருந்து அறிகிறோம். உனக்கு வேறு இடம் உண்டா? நிற்கும் இடத்திற்குரிய கடனைச் செலுத்துகிறாயா?

இந்த அளவுகோலை ஒரு நகரத்தின்மீது வைத்துப் பார்ப்போம். சிங்கப்பூரை எடுத்துக்கொள்கிறேன். வாகனங்களை எங்கே நிறுத்துவது, மக்கள் எவ்வாறு போய்வருவது, பழைய தெருக்களை என்ன செய்வது என்னும் மூன்று சிக்கல்களையும் ஏறத்தாழ ஒரே தலைமுறைக்குள் ஒரே அரசு கையிலெடுத்த ஊர் அது. நமக்கு அந்நியமான ஊரும் அன்று. 1822-ஆம் ஆண்டில் ராஃபிள்ஸின் கட்டளைப்படி வரையப்பட்ட நகர வரைபடத்திலேயே ஆற்றோரத்தில் 'சூலியா கம்போங்' என்று நம்மவர்க்கு ஓரிடம் குறிக்கப்பட்டிருந்தது. சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஜாமியா சூலியா பள்ளிவாசலும், சில ஆண்டுகளுக்குப் பின் தெலுக் ஆயர் தெருவில் எழுந்த நாகூர் தர்காவும், நகரின் நடுவே இன்றும் இருக்கும் சூலியா தெருவும் அந்தக் குடியேற்றத்தின் சாட்சிகள்.

அதே 1822-ஆம் ஆண்டுக் கட்டளைகளில் இன்னொன்றும் இருந்தது. தெருவை நோக்கிய ஒவ்வொரு வீடும் முன்புறத்தில் குறித்த அளவு அகலமுள்ள தாழ்வாரத்தை விட வேண்டும். அவை ஒன்றோடொன்று இணைந்து, வெயிலிலும் மழையிலும் மக்கள் நடந்து செல்லும் தொடர்ந்த வழியாக இருக்க வேண்டும் என்பது விதி. ஐந்தடிப் பாதை என்று வழங்கப்படும் அந்தத் தாழ்வாரம், மலாய் நாட்டு நகரங்களின் அடையாளமாகவே பிற்காலத்தில் ஆகிவிட்டது. தாழ்வாரம் வீட்டுக்காரனின் நிலத்தில் இருக்கிறது. நடக்கும் உரிமையோ ஊருக்கு இருக்கிறது. இப்படி இருவருக்கும் பங்குள்ள இடத்தில் மூன்றாமவன் வந்து அமர்ந்தான். செருப்புத் தைப்பவன், கடிதம் எழுதிக் கொடுப்பவன், முடி திருத்துபவன், கடலை விற்பவன், தேநீர் ஆற்றுபவன் என்று ஐந்தடிக்குள் ஓர் உலகமே அடங்கியது. கடைக்காரர்களும் தம் சரக்குகளை வெளியே பரப்பினார்கள். நகராட்சி 1888-ஆம் ஆண்டில் இவற்றைக் காலி செய்ய முற்பட்டபோது பிப்ரவரி மாதத்தில் கடையடைப்பும் கலகமும் மூண்டன. தாழ்வாரக் கலகம் என்றே வரலாற்றில் அதற்குப் பெயர். அதன் பின்னரும் ஐந்தடிப் பாதை ஒருநாளும் முழுதாகக் காலியாகவில்லை.

விடுதலைக்குப் பிறகு வந்த அரசு அந்த வேலையை வேறு முறையில் செய்தது. 1968, 1969-ஆம் ஆண்டுகளில் தெருவில் விற்பவர்கள் அனைவரையும் பதிவு செய்தார்கள். பிறகு தண்ணீர்க் குழாயும் கழிவுநீர் வசதியும் உடைய உணவங்காடி நிலையங்களைக் கட்டி, 1986-ஆம் ஆண்டுக்குள் அனைவரையும் அங்கே குடியேற்றினார்கள். (சிங்கப்பூர்த் தமிழர்கள் இவர்களை அங்காடிக்காரர்கள் என்று அழைப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். மதுரைக்காஞ்சி காட்டும் நாளங்காடி, அல்லங்காடிகளின் சொல் கடல் கடந்து போய் இப்படி உயிரோடு இருக்கிறது.) தெருவோரத்தில் ஒரே வாளித் தண்ணீரில் நாள் முழுவதும் பாத்திரம் கழுவியதையும், கழிவுகள் சாக்கடை வழியே ஆற்றில் கலந்ததையும் நினைத்தால், அவர்கள் இடம் மாறத்தான் வேண்டியிருந்தது என்பதை மறுக்க இயலாது. அரசு அவர்களைத் தடியால் மட்டும் விரட்டவில்லை. வேறு இடமில்லை என்ற முறையீட்டுக்கு வேறு இடம் கொடுத்து விடை கூறியது. பலருக்குப் பழைய வாடிக்கையாளர்கள் கிடைக்காமற் போயிருப்பார்கள். ஆயினும் நீதியின் முதல் நிபந்தனை நிறைவேறியது. அந்த உணவங்காடிப் பண்பாட்டை 2020-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

இரண்டு கூடைகளோடு நின்ற மனிதனிடம் இத்தனை கண்டிப்பாகக் கணக்குக் கேட்ட அதே காலத்தில், வழியில் இன்னொன்றும் நிற்கத் தொடங்கியிருந்தது. கார்!

அந்த நகரத்தில் காருக்கு ஒதுக்கப்படும் ஓர் இடத்தின் அளவு அகலம் 2.4 மீட்டர், நீளம் 4.8 மீட்டர். இரண்டு கட்டில்களையும் ஒரு மேசையையும் போட்டு ஒரு குடும்பம் படுத்துறங்கக்கூடிய அளவு. கார் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நின்றே கழிக்கிறது. நூற்றில் 95 பங்கு நேரம் அது நின்றுகொண்டிருக்கிறது என்று அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் எழுதினார். 2025-ஆம் ஆண்டில் காலமான அவர், 2005-ஆம் ஆண்டில் இப்பொருள் பற்றி ஒரு பெரிய நூலையே வெளியிட்டார். ஒவ்வொரு கட்டடமும் இத்தனை கார்களுக்கு இடம் விட வேண்டும் என்று அமெரிக்க நகரங்கள் சட்டமியற்றின; அந்த இடத்தின் செலவு வீட்டு வாடகையிலும் கடைச் சரக்கின் விலையிலும் கலந்து, கார் இல்லாதவனின் தலையிலும் விழுகிறது; இலவசம் என்ற பெயரில் நடப்பவன் நிற்பவனுக்குக் கப்பம் கட்டுகிறான் என்பது அவர் வாதத்தின் சாரம். நம் சட்ட அறிஞர்கள் இதைக் கேட்டிருந்தால் புதிய செய்தியாகக் கருதியிருக்க மாட்டார்கள்.

சிங்கப்பூரிலும் கட்டடத்தின் பரப்புக்கு ஏற்ப இத்தனை கார்களுக்கு இடம் என்ற விதி இருந்தது. நகரின் இதயமான ராஃபிள்ஸ் பிளேஸில், வணிக நிலையங்கள் சூழ்ந்த சதுக்கத்தின் நடுவே கார்கள் வரிசையாக நின்றன. 1960-களில் அவற்றை நிலத்தடிக்கு இறக்கி, மேலே பூந்தோட்டம் அமைத்தார்கள். அங்காடிக்காரன் ஊரின் ஓரத்துக்கு நகர்ந்தான். காருக்கோ நடுச் சதுக்கத்தின் அடியில் மாளிகை கட்டப்பட்டது. உனக்கு வேறு இடம் உண்டா என்ற கேள்வி ஒருவனிடம் கேட்கப்பட்டது, இன்னொருவனிடம் கேட்கப்படவில்லை. அநீதி எப்போதும் கொடுமையான முகத்தோடுதான் வரும் என்பதில்லை. இருவரையும் வெவ்வேறு படியால் அளப்பதும் அநீதியே. அளவையில் மோசம் செய்வோரைப் பற்றிக் குர்ஆன் ஓர் அத்தியாயத்தையே எச்சரிக்கையோடு தொடங்குகிறதன்றோ!

இதை அந்த அரசு விரைவிலேயே உணர்ந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் நானும் அளவையில் குறை வைத்தவனாவேன். 1975-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நகர நடுப்பகுதியைச் சுற்றி ஓர் எல்லை வகுத்து, காலை நெரிசல் வேளையில் உள்ளே நுழையும் கார் நாளொன்றுக்கு 3 வெள்ளி கட்டி உரிமச் சீட்டு வாங்க வேண்டும் என்று விதித்தார்கள். உலகில் இப்படியொரு திட்டம் முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது அங்கேதான். உள்ளே கார் நிறுத்தும் கட்டணத்தையும் உயர்த்தினார்கள். காலை வேளைப் போக்குவரத்து நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் குறைந்தது. மனிதர்களின் சாமர்த்தியமும் வெளிப்பட்டது. ஒன்பதரை மணியோடு கட்டுப்பாடு முடிகிறது என்றதும் பலர் எல்லைக்கு வெளியே காத்திருந்து ஒன்பதரைக்குப் பாய்ந்தார்கள். நேரத்தைப் பத்தேகால் வரை நீட்ட வேண்டியதாயிற்று. நால்வர் சேர்ந்து வந்தால் கட்டணம் இல்லை என்றதும், பேருந்துக்காக நிற்பவர்களை ஏற்றிக்கொண்டு நால்வராக்கிக்கொண்டார்கள். 1989-ஆம் ஆண்டில் அச்சலுகை எடுக்கப்பட்டது. எல்லையோரத்தில் காரை விட்டுவிட்டுப் பேருந்தில் வாருங்கள் என்று பெருஞ்செலவில் அமைத்த நிறுத்துமிடங்களோ ஏறக்குறைய வெறுமையாகவே கிடந்தன. காரை விட்டு இறங்குவதென்று துணிந்தவன் வீட்டு வாசலிலேயே இறங்கிவிடுகிறான். பாதி வழியில் இறங்குவதில்லை.

1990-ஆம் ஆண்டு முதல் கார் வாங்கவே ஏலத்தில் உரிமைச் சான்றிதழ் பெற வேண்டும் என்றாயிற்று. 1998-ஆம் ஆண்டில் சீட்டுக்குப் பதிலாக மின்னியல் முறையில் சாலைக் கட்டணம் வந்தது. 2018-ஆம் ஆண்டு முதல் கார்களின் எண்ணிக்கை வளர்ச்சி விகிதம் பூஜ்யமாக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டில் அந்தச் சான்றிதழின் விலை மட்டுமே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. அதுவும் பத்தாண்டுகளுக்கு மட்டும். ராஃபிள்ஸ் பிளேஸின் நிலத்தடி நிறுத்துமிடமும் போயிற்று. 1987-ஆம் ஆண்டு இறுதியில் அங்கே ரயில் நிலையம் திறக்கப்பட்டது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். பணம் உள்ளவனே வழியில் செல்லலாம், இல்லாதவன் ஒதுங்கிக்கொள் என்பதுதானே இதன் பொருள்? எல்லோருக்கும் பொதுவானதை விலைக்கு விடலாமா? தண்ணீர், புல், நெருப்பு ஆகியவற்றில் மக்கள் அனைவரும் கூட்டாளிகள் என்று நபிமொழியில் படித்தவர்களுக்கு இது உறுத்தத்தான் செய்யும். எனக்கும் உறுத்துகிறது. ஆனால் ஆட்சேபம் யாருடைய பெயரால் எழுப்பப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரில் பெரும்பான்மைக் குடும்பங்களிடம் கார் கிடையாது. அவர்கள் பேருந்திலும் ரயிலிலும் செல்கிறார்கள், நடக்கிறார்கள். கார்களுக்கு வழி விலையின்றித் திறந்திருந்த நாளில் பேருந்துதான் நெரிசலில் நின்றது. அதில் நின்றவன் ஏழை. ஆகவே கட்டணம் ஏழையிடமிருந்து வழியைப் பறித்தது என்பதைவிட, செல்வர்களுக்கும் அவர்களினும் பெருஞ்செல்வர்களுக்கும் இடையே ஒரு தீர்ப்பு வழங்கியது என்பதே பொருந்தும். நடப்பவனுக்கு விலை கேட்டால் அது அநீதி. பேருந்தில் செல்பவனுக்கு உயர்விலை கேட்டாலும் அநீதி. பத்துப் பேருக்குரிய இடத்தைத் தனியொருவன் எடுத்துக்கொள்ளும்போது கேட்கப்படும் விலை, வழிக்குரிய கடனில் சேர்ந்தது என்றே கருதுகிறேன். பிழைப்புக்காகவே வண்டி வைத்திருக்கும் சிறு வியாபாரியின் நிலை மட்டும் வேறு. வேறு வழியில்லை என்ற அவன் சொல்லுக்கு ஏலம் காது கொடுப்பதில்லை. இத்திட்டத்தின் ஊனம் அங்கே இருக்கிறது.

இனிப் பழைய தெருக்களின் கதைக்கு வருவோம். எனக்கு மனவருத்தம் அங்கேதான். 1966-ஆம் ஆண்டின் நிலக் கையகப்படுத்தும் சட்டத்தைக் கொண்டு அரசு நகரின் நடுப்பகுதியைப் பெருமளவில் இடித்துக் கட்டியது. 1980-களில் எண்ணம் மாறியது. தஞ்சோங் பகாரில் 32 கடைவீடுகளைப் பழைய வடிவத்திலேயே 1987-ஆம் ஆண்டில் புதுப்பித்துக் காட்டினார்கள். 1989-ஆம் ஆண்டு ஜூலையில் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் முதலிய பகுதிகள் பாதுகாக்கப்பட்டவை என்று அறிவிக்கப்பட்டன. இன்று அத்தகைய கட்டடங்கள் 7,000-க்கும் அதிகம். இதில் நம் பேச்சோடு தொடர்புடைய நுட்பம் ஒன்று உண்டு. ஒடுங்கிய முகப்பும் நீண்ட உடலும் உடைய ஒரு கடைவீட்டில் கார் நிறுத்த இடம் எங்கிருந்து வரும்? நிறுத்துமிட விதியை அப்படியே வற்புறுத்தியிருந்தால் ஒரு வீடும் மிஞ்சியிராது. ஆகவே பாதுகாக்கப்பட்ட கட்டடங்களுக்கு அந்த விதியிலிருந்தும், இடம் விடாததற்கான கட்டணத்திலிருந்தும் விலக்கு அளித்தார்கள். கார் சற்று ஒதுங்கிக்கொண்டதால் வீடுகள் பிழைத்தன.

வீடுகள் பிழைத்தன, அவற்றில் இருந்தவர்கள் எங்கே? தஞ்சோங் பகார் என்றால் கடையநல்லூர், தென்காசி வட்டாரத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒரு காலத்தில் சொந்த ஊரின் இன்னொரு தெரு. கடையநல்லூர் மக்கள் 1946-ஆம் ஆண்டில் அங்கே உமறுப் புலவர் பெயரால் தமிழ்ப் பள்ளி நிறுவினார்கள். 1982-ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வியை நோக்கிப் பெற்றோர் திரும்பியது அதற்குப் பெருங்காரணம் என்பது உண்மை. ஆனால் சுற்றியிருந்த குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குச் சிதறிப்போனதும் உண்மை. புதிய வீடுகளில் குழாயும் மின்விளக்கும் காற்றும் இருந்தன. பழைய அறைகளின் புழுக்கத்தை அறிந்தவர் எவரும் அவர்களைத் திரும்ப வரச் சொல்ல மாட்டார். 1947-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 2001-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. வண்ணம் பூசிய சுவர்களும் செதுக்கிய சாளரங்களும் காப்பாற்றப்பட்டபோது, ஐந்தடிப் பாதையில் பாய் விரித்துப் பேசிக்கொண்டிருந்த வாழ்க்கை பாதுகாக்க வேண்டிய பட்டியலில் எழுதப்படவில்லை என்பதே என் குறை.

வரலாற்று நூல்களில் ஒரு செய்தி உண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மதீனாப் பள்ளிவாசலை விரிவாக்க விரும்பினார்கள். அதையொட்டி நாயகத்தின் சிறிய தந்தையார் அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு இருந்தது. விலைக்குக் கேட்டும் அவர்கள் தர மறுத்தார்கள். பள்ளிவாசலைவிடப் பொதுநலம் வேறென்ன இருக்க முடியும்? ஆட்சியாளரோ உமர்! ஆயினும் வழக்கு உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் சென்றது. தீர்ப்பு அப்பாஸுக்குச் சாதகமாக வந்தது. உமர் அதை ஏற்றுக்கொண்டார்கள். அதன் பிறகு அப்பாஸ் தம் வீட்டைத் தாமாகவே விட்டுக்கொடுத்தார்கள், விலையின்றி. பள்ளிவாசல் விரிவாகத்தான் செய்தது. அப்படியானால் வழக்கும் தீர்ப்பும் எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். மறுக்கும் உரிமை தமக்கு உண்டு என்பது உறுதியாகும் வரையில் ஒருவர் கொடுப்பதற்குக் கொடை என்று பெயரில்லை என்று நான் விடை கூறுவதுண்டு.

கம்போங் கிளாமில் சுல்தான் பள்ளிவாசலை 1920-களில் புதிதாகக் கட்டத் தொடங்கியபோது, கிப்லாவை நோக்கி அது அமைய வேண்டியிருந்ததால், நேராகச் சென்ற நார்த் பிரிட்ஜ் சாலையே வளைந்து இடம் கொடுத்தது. அந்த வளைவை இன்றும் காணலாம். பள்ளிவாசலுக்குச் சற்று அப்பால் சுல்தான் ஹுசைனின் வழித்தோன்றல்கள் வாழ்ந்த பழைய அரண்மனை இருந்தது. 1904-ஆம் ஆண்டின் சட்டம் அவர்களுக்கு அங்கே குடியிருக்கவும் படித்தொகை பெறவும் வழிசெய்திருந்தது. அதை மலாய் மரபுடைமை நிலையமாக மாற்றப்போவதாக 1999-ஆம் ஆண்டில் அறிவிப்பு வந்தது. குடும்பத்தினர் இழப்பீடு பெற்று வெளியேறினர். 2005-ஆம் ஆண்டில் நிலையம் முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. கட்டடம் மிக அழகாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தது.